முதலில் பானை, பிறகு ஓடு: கற்பனை வாழ்க்கை ஒன்றைச் சிதறிய நினைவுகளாகப் படமாக்க முழுமையான வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் முதல் பரிசோதனைக் குறும்படத்தை அக்கா வீட்டு வரவேற்பறையில் போட்டுக் காட்டினேன். பதினான்கு நிமிடம். மழை வழியும் ஜன்னல், ஆளில்லாத ஊஞ்சல், மங்கலான ஒரு முகம், பின்னணியில் “எனக்கு ஞாபகம் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பெண்குரல். அக்கா கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்தப் பெண் எங்கே வேலை பார்த்தாள்?”

எனக்குத் தெரியவில்லை. படத்தில் அது வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் எடுத்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு நான் வாழ்க்கையே கொடுக்கவில்லை. வாழாதவள் எதை மறப்பாள்?

பச்சை மண்பானை உடைந்தால் சேறாகத்தான் போகும். சூளையில் வெந்த பானை உடைந்தால்தான் ஓடு கிடைக்கும். கீழடியில் எடுத்த ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயரை இன்றும் நாம் வாசிக்க முடிவது, அந்தப் பானை ஒரு காலத்தில் முழுதாக இருந்ததால்தான். சிதறிய நினைவைப் படமாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சூளையைத் தாண்டிக் குதித்து நேராக ஓட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த வழிகாட்டி சூளையிலிருந்து தொடங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடப் படத்துக்கு, வார இறுதிகளில் மட்டும் உழைத்தால், ஆறு மாதம் ஒதுக்குங்கள். அதில் முதல் இரண்டு மாதம் கேமராவைத் தொடவே வேண்டாம்.

படி 1: வாழ்க்கைப் பதிவேடு

தடிமனான நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். உங்கள் கற்பனை மனிதரின் வயதுக்கு எத்தனை ஆண்டோ அத்தனை பக்கம், ஆண்டுக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்தே கேள்விகள்: எந்த வீட்டில் இருந்தார், அடுப்படி யார் கையில் இருந்தது, பணம் எங்கிருந்து வந்தது, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, உடம்புக்கு என்ன வந்தது. கனவு, ஏக்கம், தனிமை போன்ற சொற்களைப் பதிவேட்டில் எழுதாதீர்கள். அவை தாமாக வரும். மின்கட்டணம் கட்டியது யார் என்பது தாமாக வராது.

என் இரண்டாவது படத்தின் நாயகி செண்பகத்தை வைத்துச் சொல்கிறேன். அவளுக்கு நான் தேர்ந்தெடுத்த பிறப்பு நேரம்தான் படத்தின் கருவாகவே ஆனது. 1981 டிசம்பர் 31 அன்று இரவு 11.30 மணிக்கு, சிங்கப்பூர் தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அடுத்த நொடி நள்ளிரவு 12. இந்தத் தீவில் அந்த இரவுக்கு 11.45 என்ற நேரமே கிடையாது. செண்பகம் பிறந்தபோது மருத்துவமனைக் கடிகாரம் 12.15 காட்டியது; எனவே பிறப்புச் சான்றிதழில் 1982 ஜனவரி 1. ரயில்வே ஊழியரான அப்பா தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்திருந்தார், அதில் 11.45. பஞ்சாங்கத்தை நம்பும் பாட்டி அப்பாவின் கடிகாரத்தைக் கேட்டுத்தான் ஜாதகம் எழுத வைத்தார். ஆக, பிள்ளைக்குப் பிறந்த ஆண்டே இரண்டு. சான்றிதழ் ஒன்று சொல்கிறது, ஜாதகம் ஒன்று சொல்கிறது, இரண்டையும் பொய் என்று தள்ள முடியாது. இந்த ஒரு செய்தியை உட்கார்ந்து யோசித்த மாலையில், நினைவின் குழப்பத்தைக் காட்ட இனி மங்கலான முகம் எதுவும் தேவைப்படாது என்று தெரிந்துவிட்டது.

இப்படி ஊரின் உண்மையான நாள்களோடு கற்பனை வாழ்க்கையைப் பிணைக்கும்போது ஓர் எச்சரிக்கை. வரலாற்றுப் பாடமாக்கிவிடாதீர்கள். 1987 நவம்பர் 7 அன்று யியோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது. செண்பகத்துக்கு அப்போது ஐந்து வயது. அவளை அந்த ரயிலில் ஏற்றலாம் என்று கை துடித்தது. ஏற்றவில்லை. பதிவேட்டில் அந்த வாரம் அவளுக்கு அம்மை. வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்தாள். அண்ணன் மட்டும் போய்விட்டு வந்து கதை சொன்னான். நாற்பது வயதில் அவள் “முதல் ரயிலில் நான் போனேன்” என்று உறுதியாகச் சொல்கிறாள். பார்வையாளருக்கு உண்மை ஒருபோதும் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால், அந்த வாக்கியத்தைப் பேசிய நடிகைக்கு எங்கே குரல் சற்று வேகமெடுக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது.

தகவல் தேட இரண்டு இடங்கள் போதும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் மனிதர்களின் குரலைப் பதிவு செய்துவருகிறது. தமிழில் தந்த நேர்காணல்களும் அதில் உண்டு. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். என்ன சொல்கிறார்கள் என்பதைவிட எங்கே நிறுத்துகிறார்கள், எந்தப் பெயருக்கு முன் மூச்சு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். அடுத்தது, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள். தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் தளத்தில் அவற்றைப் புரட்டும்போது தலைப்புச் செய்திகளைத் தாண்டி விளம்பரங்களுக்குப் போங்கள். ஒரு குடும்பம் எந்தத் துணிக்கடைக்குப் போயிருக்கும், தீபாவளிக்கு எந்தப் படம் பார்த்திருக்கும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நேர்காணல் தந்த ஒருவரின் வாழ்க்கையை அப்படியே எடுத்துப் பெயர் மாற்றி வைத்துக்கொள்வது திருட்டு. பேச்சின் தாளத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய துயரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

படி 2: உடைத்தல்

பதிவேடு முடிந்ததும் இரண்டு வாரம் அதைத் திறக்காதீர்கள். பிறகு, பார்க்காமல், உங்களுக்கு நினைவிருப்பதை மட்டும் அட்டைகளில் எழுதுங்கள். இது விளையாட்டுக்காகச் சொல்லும் யோசனை இல்லை. நாற்பது பக்கம் எழுதிய உங்கள் மூளையே எதைப் பிடித்துக்கொண்டது, எதை உதறியது என்பதுதான் படத்தின் முதல் வரைவு. எனக்குப் பதினெட்டு அட்டை வந்தது. படத்தில் தங்கியது பதினொன்று.

அட்டைகளைத் தரையில் பரப்பி, மூன்று வகை இருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் நினைவு ஒன்று. ஒவ்வொரு முறையும் சிறிது மாறி வர வேண்டும். இருவர் இருவிதமாகச் சொல்லும் நினைவு ஒன்று. யாருமே சொல்லாத, ஆனால் நீங்கள் அறிந்த இடைவெளி ஒன்று. மூன்றாவதுதான் கடினம். செண்பகத்தின் 1996 முதல் 1999 வரை படத்தில் ஒரு சொல்கூட இல்லை. அந்த நான்கு பக்கங்களைத்தான் பதிவேட்டில் அதிகம் அடித்துத் திருத்தினேன்.

நினைவு மாறுவதை எப்படி எழுதுவது என்பதற்கு உளவியலில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படத்துணுக்கு ஒன்றைக் காட்டினார்கள். ஒரு குழுவிடம், கார்கள் ‘மோதியபோது’ எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். மற்றொரு குழுவிடம், ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவின் 50 பேரில் 7 பேரும் இரண்டாவது குழுவின் 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கேள்வியில் வந்த ஒரு வினைச்சொல் கண்ணாடியைச் சிதறடித்திருக்கிறது.

இதை அப்படியே பயன்படுத்தலாம். ஒரே காட்சியை மூன்று முறை வையுங்கள். குரலில் வினைச்சொல்லை மட்டும் மாற்றுங்கள். அப்பா கதவை ‘சாத்தினார்’. அப்பா கதவை ‘அடைத்தார்’. அப்பா கதவை ‘அறைந்தார்’. காட்சியில் கதவு அசையவே வேண்டாம். தமிழின் வினைச்சொற்கள் இந்த வேலைக்கென்றே வார்த்தவை போல இருக்கின்றன.

படி 3: யார் கூற்று?

பின்னணிக் குரல்தான் இத்தகைய படங்களின் முதுகெலும்பு. பெரும்பாலான படங்கள் சாய்ந்து விழுவதும் இங்கேதான்: எல்லாம் அறிந்த ஒரே குரல், கவிதை வாசிக்கும் தொனியில், தொடக்கம் முதல் இறுதிவரை பேசிக்கொண்டே போகும்.

நம்மிடம் இதைவிடச் சிறந்த மாதிரி ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. கதையைத் தொடர்ந்து சொல்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு பாட்டும் ஒருவர் கூற்று: தலைவி, தோழி, செவிலி, நற்றாய், வழியில் கண்டோர். ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாது. வாசிப்பவர்தான் கோத்துக்கொள்ள வேண்டும். சிதறிய நினைவுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

எனவே ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் யார் கூற்று, யாரிடம் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்று மூன்று குறிப்பு எழுதுங்கள். செண்பகத்தின் படத்தில் அம்மா பேசுகிறார், அண்ணன் பேசுகிறான், அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவளைத் தினமும் பார்த்த ஒரு முதியவர் பேசுகிறார். செண்பகம் பேசுவது இரண்டே இடங்களில். முதியவரின் கூற்றை எழுதும்போதுதான் எனக்கே அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்தது: அவள் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது எப்போதும் செருப்பைக் கழற்றி நிற்பாள்.

பேச்சு நடை ஆளுக்கு ஆள் மாறட்டும். கம்பத்தில், அதாவது பழைய சிற்றூரில், வளர்ந்த அம்மாவின் பேச்சில் மலாய்ச் சொற்கள் இயல்பாகவே கலக்கும். ‘ரோத்தான்’ எடுத்தேன் என்றுதான் சொல்வார், பிரம்பு என்று திருத்தாதீர்கள். பள்ளியில் தமிழ் படித்த மகன் வேறு மாதிரி பேசுவான். தமிழகத்துத் திரைப்பட நடையை இவர்கள் வாயில் திணித்தால் அடுத்த நொடியே இந்த ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

ஒலிப்பதிவுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு முன்னால் பேசுபவரை உட்கார வையுங்கள், எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணையுங்கள். வியர்க்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். பதிவுக் கருவியில் ஒலித் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் பதிவு செய்யலாம் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூர்க் குயில்கள் விடாது. மைக்கைப் பார்த்துப் பேசச் சொல்லாதீர்கள். எதிரே ஒருவரை உட்கார வைத்து அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

படி 4: பொருள்கள்

கற்பனை மனிதர் வாழ்ந்ததற்குச் சாட்சி அவருடைய பொருள்கள். இதற்கு நான் ஒரு மாதம் முழுவதும் செலவிட்டேன். அதில் ஒரு நாளும் வீணாகவில்லை.

எவர்சில்வர் சொம்பு ஒன்று. நம் வீடுகளில் பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள்: கொடுத்தவர் பெயர், நாள், சில சமயம் காரணம். பழைய சொம்பு ஒன்றில் ‘செண்பகம் 1.1.82’ என்று வெட்ட வைத்தேன். பிறகு கேமராவுக்கு முன் கொண்டுபோகாமல் நான்கு மாதம் எங்கள் அடுப்படியிலேயே போட்டேன். தண்ணீர் மொண்டோம், மாவு கரைத்தோம், சாம்பார் ஊற்றினோம். ‘1’க்கும் ‘8’க்கும் நடுவில் புளிக்கறை ஏறி, தேய்த்துத் தேய்த்து ‘செ’வின் கொம்பு மங்கி, அடியில் ஒரு சொட்டை விழுந்த பிறகுதான் படம் பிடித்தேன். அந்தக் காட்சி இருபத்திரண்டு நொடி. படத்தில் செண்பகத்தின் முகம் எங்குமே இல்லை. ஆனாலும் பார்த்தவர்கள் அவளை நம்பியது அந்தச் சொட்டையைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

புகைப்படங்கள் சிக்கலானவை. 2017 ஜூலை 10 அன்று சுங்கை ரோடு சந்தை மூடப்படும்வரை, பழைய பொருள்களைத் தேடுபவர்கள் அங்கே போவார்கள். இன்றும் பழைய பொருள் கடைகளில் யாரோ ஒருவரின் குடும்ப ஆல்பம் கிடைக்கலாம். தெரியாதவர் முகத்தை எடுத்து உங்கள் கதையை ஒட்டாதீர்கள். அந்த முகத்துக்கு உரியவரோ அவருடைய பேரப்பிள்ளையோ உங்கள் திரையிடலுக்கு வரக்கூடிய அளவுக்குச் சிறிய ஊர் இது. சொந்தக் குடும்பப் படங்களைச் சம்மதம் கேட்டுப் பயன்படுத்துங்கள். முகத்துக்குப் பதில் கை, புடவைத் தலைப்பு, பின்னால் இருக்கும் நாள்காட்டி என்று வெட்டிக் காட்டுங்கள். அடையாள அட்டை, அரசாங்க முத்திரை இவற்றைப் போலியாகச் செய்ய வேண்டாம். பள்ளி நோட்டு, மளிகைப் பட்டியல், மடித்து மடித்துக் கிழிந்த ஜாதகக் கட்டம் போதும். ஜாதகத்தைக் கையால் எழுத, கையெழுத்து அழகாக இல்லாத ஒருவரைத் தேடுங்கள்.

படி 5: படப்பிடிப்பு

கைப்பேசி கேமரா போதும். ஆனால் தானியங்கி அமைப்பை நம்பாதீர்கள். சிங்கப்பூரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். புளோக்கின் தாழ்வாரக் குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்), ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு என்று விட்டால், திரையில் பட்டைகள் ஓடலாம். நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று கையால் பூட்டுங்கள். வெயிலில் இந்த ஷட்டர் வேகத்துக்கு ஒளி அதிகமாகிவிடும். ஒளி குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டி ஒன்றை லென்ஸுக்கு முன் மாட்டிக்கொள்ளுங்கள்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை 7 மணிக்கு விடியல், மாலை 7 மணிக்கு அந்தி. அந்தி வெளிச்சம் சுமார் இருபது நிமிடம்தான். ஒரு மாலைக்கு ஒரே காட்சி என்று திட்டமிடுங்கள். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வெளிச்சம் பெரும்பாலும் கிடைக்கும். மழை வந்தால் அதையும் எடுங்கள்.

ஒரு காலத்தில் வீட்டுப் படங்கள் எடுத்த சூப்பர் 8 ஃபிலிமிலேயே எடுக்க ஆசைப்படுபவர்கள் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: 50 அடிச் சுருள் நொடிக்கு 18 சட்டத்தில் 3 நிமிடம் 20 நொடி ஓடும், 24 சட்டத்தில் 2 நிமிடம் 30 நொடி. செலவு அதிகம். படம் முழுவதற்கும் வேண்டாம். ஒரே ஒரு நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் காட்சி மீது கணினியில் கீறலும் புள்ளியும் சேர்த்துப் பழையதாக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சொம்பு நான்கு மாதத்தில் பெற்ற கறையை எந்த மென்பொருளும் தராது.

இடங்களுக்கு வருவோம். 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. செண்பகத்தின் அப்பாவுக்கு அது வேலையின் முடிவு, குடும்பத்துக்கு ரயில்வே குடியிருப்பின் முடிவு. தண்டவாளம் கிடந்த 24 கிலோமீட்டர் பாதை இன்று நடைபாதையாக இருக்கிறது. புக்கிட் தீமாவில் பழைய இரும்புப் பாலமும் சீரமைத்த சிறு நிலையமும் இருக்கின்றன. எல்லோரும் பாலத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் அதைத் தவிர்த்தேன். மறைந்துபோன இடத்தைக் காட்ட, அங்கே நின்று தரையைப் பாருங்கள். பாதையோரப் புல், சரளைக் கல், ஈரத்தில் தெரியும் ஒரு காலடி. கேமராவை அசைக்காமல் ஒவ்வொன்றையும் நாற்பது நொடி எடுங்கள். முதல் பதினைந்து நொடி வெறும் புல். அதற்குப் பிறகு ஏதாவது நடக்கும்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளமும் தாழ்வாரமும் நகர மன்றத்தின் பொறுப்பு, நிலையங்கள் ரயில் நிறுவனத்தின் பொறுப்பு. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தாழ்வாரத்தில் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அப்படிச் சொன்ன வீட்டிலிருந்துதான் நாற்காலியும் கிடைத்தது, தேநீரும் கிடைத்தது.

படி 6: தொகுப்பு

காலவரிசையில் அடுக்காதீர்கள், கண்டபடி கலைக்கவும் கலைக்காதீர்கள். ஒரு நினைவு அடுத்த நினைவை எதனால் இழுத்து வருகிறது என்று கேளுங்கள்: ஓர் ஓசை, ஒரு வடிவம், ஒரு சொல். சொம்பில் தண்ணீர் விழும் ஓசையிலிருந்து 1986இன் மழைக்குப் போகலாம். அடுத்த காட்சியின் ஓசை, படத்துக்கு ஒரு நொடி முன்னதாகவே வந்துவிடட்டும். நமக்கு நினைவு வருவதும் அப்படித்தான். வாசனையோ சத்தமோ முதலில், முகம் பிறகு.

சொல்லப்படாத அந்த நான்கு ஆண்டுகளுக்கு நான் கறுப்புத் திரை வைத்தேன், பன்னிரண்டு நொடி. அறையின் வெற்று ஓசையை அதன் கீழ் விட்டேன். முழு அமைதி வைத்தால் ஒலிபெருக்கி பழுது என்று பார்வையாளர் நினைப்பார். இசை வைத்தால் அழச் சொல்வதாக நினைப்பார்.

முதல் வடிவம் தயாரானதும் இருவரைத் தனித்தனியாக அழைத்துக் காட்டுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள். “இவருடைய வாழ்க்கையை எனக்குச் சொல்லுங்கள்” என்று கேட்டு, எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கதைகளும் வேறுபடலாம், வேறுபட வேண்டும். ஆனால் இரண்டிலும் ஒரே ஆள் இருக்க வேண்டும். ஒருவர் சொல்வது தாயைப் போலவும் மற்றவர் சொல்வது துறவியைப் போலவும் இருந்தால், பதிவேட்டுக்குத் திரும்புங்கள். தவறு அங்கேதான் இருக்கும், தொகுப்பில் தேடாதீர்கள். இந்த முறை அக்காவும் பார்த்தார். செண்பகம் எங்கே வேலை பார்த்தாள் என்று கேட்கவில்லை, “துணி தைப்பாளோ?” என்றார். பதிவேட்டில் 2004 முதல் 2013 வரை அவள் தையல்காரிதான். படத்தில் அதைக் காட்டும் காட்சி எதுவும் இல்லை.

படி 7: திரைக்குப் போகும் முன்

பொதுமக்களுக்குத் திரையிட வேண்டுமானால், படம் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரப்படுத்தலுக்குப் போக வேண்டும். ஜி (எல்லா வயதினருக்கும்) முதல் ஆர்21 (21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்) வரை ஆறு தரங்கள். இதற்கு நாள் ஒதுக்கிவிட்டுத் திரையிடல் தேதியைச் சொல்லுங்கள். மிடில் ரோட்டில் உள்ள ஆப்ஜெக்டிஃப்ஸ் நிலையம் புகைப்படத்துக்கும் குறும்படத்துக்குமான இடம். அங்கே நடப்பவற்றைத் தொடர்ந்து கவனியுங்கள். 2005இல் தொடங்கிய ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், கேனிங் ரைஸில் உள்ள ஓல்டம் திரையரங்கில் இப்படிப்பட்ட படங்களைத் திரையிடுகிறது. எடுப்பதற்கு முன்னரே போய்ப் பாருங்கள். 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தென்கிழக்காசியக் குறும்படங்களுக்குப் போட்டிப் பிரிவு உண்டு. விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இணையத்தில் போட அவசரப்படாதீர்கள். பல விழாக்கள் ஏற்கெனவே வெளியான படத்தை எடுத்துக்கொள்வதில்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது. அந்த மாதத்தில் நம் பார்வையாளர்களைக் கூட்டுவது எளிது.

ஆங்கில வசனவரிகளை நீங்களே எழுதுங்கள். ‘சாத்தினார்’, ‘அடைத்தார்’, ‘அறைந்தார்’ மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டால் இரண்டாம் படியில் செய்த வேலை முழுவதும் வீண்.

கடைசியாக, பெயர்ப்பட்டியலில் செண்பகம் கற்பனைப் பாத்திரம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம்பி அழுதவருக்கு அந்த நேர்மை கடன். நாங்கள் அதற்குத் தனி அட்டை வைத்தோம், ஜாதகம் எழுதித் தந்தவரின் கையெழுத்திலேயே, வெள்ளைத் தாளில் நீல மை, எட்டு நொடி: “செண்பகம் என்று ஒருவர் இல்லை. 1981 டிசம்பர் 31 இரவு 11.45 மணியும் இல்லை.”